மயிற்பொறியும் ஜீனோவும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் அறிவியல் புனைகதை பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தன. அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே.

முதுகலைத் தமிழ் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு அறிவியல் புனைகதையை எடுக்க நினைக்கிறேன் என்றதும், "அது பொழுதுபோக்கு, இலக்கியத்தில் சேராது" என்றார் ஒரு பேராசிரியர். எதைத்தான் அறிவியல் புனைகதை என்று சொல்வது? அது இலக்கியமா, இல்லையா?
– மாணவி, பாளையங்கோட்டை

என் மேஜையில் ஒரு பைண்ட் புத்தகம் இருக்கிறது. எண்பதுகளில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையைப் போட்டு வைத்தது. சில தாள்களில் ஒரு பக்கம் ஜீனோ என்ற இயந்திர நாய் பேசிக்கொண்டிருக்கும், திருப்பினால் பல்பொடி விளம்பரம். அம்மா எட்டாவது வரைதான் படித்தவர். ரோபாட் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. ஒருநாள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, இந்த நாய் இவ்வளவு யோசிக்குது, பாசமா இருக்குது. இதைக் கழட்டிப் போட்டா அது ரிப்பேரா, கொலையா?"

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கப் போனதற்கும், இன்றுவரை இந்த வகைக் கதைகளைத் தேடிப் படிப்பதற்கும் அந்தக் கேள்விதான் தொடக்கம். அடுப்படியில் நிற்கும் ஒருவரை உயிர் எது, பொருள் எது என்று யோசிக்க வைத்த எழுத்தை இலக்கியம் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

சரி, வரையறைக்கு வருவோம். ஆய்வுக்கு உங்களுக்கு உதவக்கூடியவர் டார்கோ சுவின். குரோவேசியாவில் பிறந்து கனடாவில் பேராசிரியராக இருந்தவர். 1979-ல் வந்த அவருடைய நூல் இந்தத் துறையில் எல்லோரும் தொட்டுவிட்டுப் போகிற ஒன்று. அவர் சொல்வதை என் பாஷையில் சொல்கிறேன். கதையின் உலகத்தில் நம் உலகத்தில் இல்லாத புதுச்சரக்கு ஒன்று இருக்கும். அதற்கு 'நோவம்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'புதியது' என்று பொருள். அது கருவியாக இருக்கலாம், ஜந்துவாக இருக்கலாம், ஒரு சமூக ஏற்பாடாகக்கூட இருக்கலாம். ஆனால் அது காரண காரியத்தோடு பேசக்கூடியதாக இருக்க வேண்டும். மொத்தக் கதையும் அதன் மேல்தான் நிற்க வேண்டும்.

இதற்கு நான் வைத்திருக்கும் நாட்டுச் சோதனை ஒன்று உண்டு. கதையிலிருந்து விண்கலத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்துங்கள். கதை இடறாமல் ஓடினால் அது பஸ் கதைதான்.

மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' இந்தச் சோதனையில் அசையாமல் நிற்கும். 1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் புகையும் வானத்தை மறைத்ததில், அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனீவா ஏரிக்கரையில் மழைக்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்த நண்பர்கள் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்த மேரிக்கு அப்போது 18 வயது. செத்த தவளையின் காலில் மின்சாரம் பாய்ச்சினால் துடிக்கிறது என்று இத்தாலிய விஞ்ஞானி கால்வானி காட்டியிருந்த காலம். 1803-ல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் செலுத்தி, முகத்தசை அசைவதை அவருடைய சகோதரி மகன் ஆல்டினி ஊருக்கே காட்டியிருந்தார். 1818-ல் நாவல் வெளிவந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல்.

நாவலில் உயிர் கொடுக்கும் முறை மேலோட்டமாகத்தான் வருகிறது. மேரி நிறுத்தி நிதானமாக எழுதுவது அதற்குப் பிறகு நடப்பதை. தான் செய்த உடல் கண் திறந்ததும் செய்தவன் அறையை விட்டு ஓடிவிடுகிறான். விட்டுப்போன அந்த ஜீவன், ஒரு குடிசைச் சுவரின் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறது. கடைசிவரை அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது செய்தவனின் பெயர். நம்மில் பலர் அதைப் பூதத்தின் பெயராக நினைத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் பேராசிரியரிடம் அந்தக் குடிசை அத்தியாயங்களை மட்டும் படிக்கக் கொடுங்கள்.

'வலவன் ஏவா வான ஊர்தி' என்று புறநானூற்றிலேயே பைலட் இல்லாத விமானம் வருகிறதே! அறிவியல் புனைகதையைத் தொடங்கியது நாம்தான் என்று ஏன் சொல்லக் கூடாது?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை

அந்த வரி எனக்கும் மனப்பாடம். புறநானூற்றின் 27-வது பாட்டு, சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. புலவர் பாடும் புகழ் உடையவர்கள், செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு, ஓட்டுபவன் தேவையில்லாத வான ஊர்தியை அடைவார்கள் 'என்ப' – அப்படிச் சொல்கிறார்கள் – என்கிறார் புலவர். கொடுத்து வாழ்ந்தவனுக்கு மேலுலகத்தில் கிடைக்கும் மரியாதை அது. ஊர்தி எப்படிப் பறக்கிறது, யார் செய்தது, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்ற எதுவும் பாட்டுக்குத் தேவைப்படவில்லை. அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதை ட்ரோன் என்று படித்தால், ஈகையைப் பற்றிய ஒரு நல்ல பாட்டை நாம் இழந்துவிடுவோம்.

நம் மரபில்தான் தேட வேண்டும் என்றால் சீவக சிந்தாமணிக்குப் போங்கள். அங்கே இருக்கிறது விஷயம். அரசி விசயை கண்ட கனவிலிருந்து ஆபத்து வருகிறது என்று தெரிந்ததும், கர்ப்பிணியான அவளைத் தப்ப வைக்க அரசன் சச்சந்தன் ஒரு மயிற்பொறி செய்யச் சொல்கிறான். திருத்தக்கதேவர் அதற்கு ஆன பொருள்களைக்கூடச் சொல்கிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. ஏழு நாளில் வேலை முடிகிறது. பொறியை வலப்பக்கம் திருகினால் மேகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே போகும். இடப்பக்கம் திருகினால் கீழே வந்து காலைக் குவித்து உட்காரும். அரசி அதை ஓட்டிப் பழகுகிறாள். தப்பிப் போகும் அன்று, சூழ்ச்சி செய்து ஆட்சியைப் பறித்த அமைச்சன் கட்டியங்காரனின் வெற்றி முரசு காதில் விழுகிறது. கணவன் இறந்துவிட்டான் என்று தெரிந்து மயங்குகிறாள். மயில் இறங்குகிறது, சுடுகாட்டில். சீவகன் அங்கேதான் பிறக்கிறான்.

இதைப் பாருங்கள். தெய்வம் கொடுத்த வாகனம் கிடையாது, மனிதன் கையால் செய்தது. அதற்கு விதி இருக்கிறது. ஓட்டுபவள் நிதானம் தவறினால் என்ன நடக்கும் என்பது அந்த விதியிலிருந்தே வருகிறது. 'வலம் திருகினால் மேலே, இடம் திருகினால் கீழே' என்று முன்பே சொல்லிவிட்டு, அந்த விதியை வைத்தே கதையின் மிகத் துயரமான இடத்தை அமைக்கிறார் தேவர். அறிவியல் புனைகதை எழுதுபவர் செய்கிற வேலை அச்சாக இதுதான். சீவக சிந்தாமணி அந்த வகை நூல் என்று நான் சொல்லவில்லை. அது சமண காப்பியம், அதன் நோக்கம் துறவு. ஆனால் அந்தச் சில பாடல்களுக்குள் ஒரு இயந்திரத்தின் நியாயத்தைக் கதையின் நியாயமாக்கும் கை தெரிகிறது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள நமக்கு முழு உரிமை உண்டு.

ரோபாட் என்ற சொல் எந்த மொழி?
– ஒன்பதாம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

செக் மொழி, தம்பி. 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. பண்ணையாருக்குக் கூலியில்லாமல் குடியானவன் செய்து கொடுக்க வேண்டிய வேலை. சோழர் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருமே, அந்த மாதிரி. கரேல் சாப்பெக் 1920-ல் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' என்ற நாடகத்தில்தான் முதலில் வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசஃப். அந்த நாடகத்து ரோபாட்டுகள் தகரத்தால் செய்தவை இல்லை, பார்க்க மனிதர்கள் மாதிரியே இருக்கும். அவை கடைசியில் எதிர்த்து எழுகின்றன. வெட்டி வேலை என்ற பெயரை வைத்துப் பார், ஏன் எழுந்தன என்பது புரியும்.

நான் பொறியாளர். கதையில் அறிவியல் தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடுகிறேன். ஒரு அறிவியல் புனைகதையில் அறிவியல் எவ்வளவு சரியாக இருக்க வேண்டும்?
– வாசகர், ஓசூர்

இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. ஜூல் வெர்ன் 1865-ல் தன் நாவலில் நிலவுக்கு ஆட்களைப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். எச். ஜி. வெல்ஸ் 1901-ல் ஈர்ப்பைத் தடுக்கும் ஒரு பொருளைக் கற்பனை செய்து நிலவுக்கு அனுப்பினார். வெர்னுக்குக் கோபம். நான் வெடிமருந்தைப் பயன்படுத்துகிறேன், இவர் பொருளையே இட்டுக்கட்டுகிறார், அதை எனக்குக் காட்டட்டும் பார்ப்போம் என்ற பொருளில் பேட்டியே கொடுத்தார். ஆனால் வெர்னின் பீரங்கியில் போனால் கிளம்புகிற அந்த நொடியிலேயே உள்ளே இருப்பவர்கள் நசுங்கிக் கூழாகிவிடுவார்கள். முடுக்கம் அவ்வளவு. ஆக, இரண்டும் நடக்காதவைதான். இரண்டு நாவல்களும் இன்னும் படிக்கப்படுகின்றன.

என்னைக் கேட்டால், எழுத்தாளர் எந்த விதியை மீறுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். மீறிய பிறகு மிச்ச விதிகளுக்கு உண்மையாக இருக்க வேண்டும். ஆர்தர் கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1979-ல் வந்த 'த ஃபவுன்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் கட்டுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால், கீழேயிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்கும். அங்கிருந்து கேபிளைத் தொங்கவிடுவதுதான் திட்டம். கிளார்க்குக்குக் கதை சிவனொளிபாதமலையில் நடக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருக்கிறதே! என்ன செய்தார் தெரியுமா? தீவுக்கு தாப்ரோபேன் என்று பழைய பெயரை வைத்து, அதை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். மலையின் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினார். இரண்டையும் வாசகரிடம் பின்னுரையில் சொல்லிவிடுகிறார். நாட்டை நகர்த்தலாம், சுற்றுப்பாதையின் கணக்கை நகர்த்தக் கூடாது! இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்க வேண்டும். அதற்கு டாம் காட்வின் 1954-ல் எழுதிய 'த கோல்ட் ஈக்வேஷன்ஸ்' என்ற சிறுகதையைச் சொல்கிறேன். ஒரு கிரகத்தில் ஆறு பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள். மருந்தோடு ஒரு சின்னக் கலம் போகிறது. எடைக்கு அளந்து ஊற்றிய எரிபொருள், ஒரு சொட்டு கூடுதல் கிடையாது. உள்ளே 18 வயதுப் பெண் ஒருத்தி ஒளிந்திருக்கிறாள். அண்ணனைப் பார்த்துப் பல வருஷம் ஆயிற்று, அபராதம் போட்டால் கட்டிவிடலாம் என்று நினைத்து ஏறியவள். அவள் எடையோடு கலத்தால் பத்திரமாக இறங்க முடியாது. ஓட்டுபவனுக்குக் கொடுத்திருக்கும் உத்தரவு அவளை வெளியே தள்ளுவது. ரேடியோவில் அண்ணனோடு சில நிமிடம் பேசுகிறாள். கிரகம் சுழன்று அவன் குரல் மங்கிப் போகிறது. பிறகு அவளே நடந்து போகிறாள். காட்வின் எப்படியாவது அவளைக் காப்பாற்றி முடித்துக் கொடுக்க, பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பினாராம்.

இந்தக் கதையைப் பன்னிரண்டாம் வகுப்பில் உந்தப் பாடம் நடத்தும்போது தமிழில் சொல்வேன். ஒரு வருஷம் சொல்லி முடித்ததும் வகுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், அந்தக் கலத்துக்குப் போற கதவுக்கு ஏன் பூட்டு இல்ல? உள்ள வராதேன்னு போர்டு மட்டும்தானே மாட்டிருந்தாங்க?" என்றான். அடுத்து ஒரு பெண், "கலத்துல இருக்கற நாற்காலி, கதவு எல்லாம் எவ்வளவு எடை சார்? அதைக் கழட்டி வெளியே போட முடியாதா?" என்றாள். கரும்பலகையில் கணக்குப் போட ஆரம்பித்தோம். மணி அடித்த பிறகும் போகவில்லை. கதையில் எண்கள் முழுதாக இல்லாததால் விடை வரவில்லை. ஆனால் பெல்லுக்குப் பிறகு அந்தப் பையன் பலகையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "எரிபொருளை அளந்து ஊத்தினது இயற்கை இல்ல சார், ஒரு ஆபீஸ்." பல விமர்சகர்களும் இந்தக் கதையை அங்கேதான் பிடித்தார்கள். சமன்பாடு கருணையற்றது என்று கதை சொல்கிறது. கொஞ்சமும் உபரி வைக்காமல் திட்டம் போட்டவர்களைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே நீங்கள் புத்தகத்தை மூடும் முன் அறிவியலைச் சரிபாருங்கள், அது உங்கள் தொழில் தர்மம். அதோடு அந்தப் பையன் கேட்டதையும் கேளுங்கள்.

அறிவியல் கதைகளில் சொன்னவை எத்தனை பலித்திருக்கின்றன?
– வாசகர், சேலம்

சில பலித்தன, பல பலிக்கவில்லை. ஆரூடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளார்க் தகவல் தொடர்புச் செயற்கைக்கோளைச் சொன்னார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். 1945-ல் அவர் அதை ஒரு தொழில்நுட்பக் கட்டுரையாகத்தான் எழுதினார், கதையில் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் தன் நாவல் ஒன்றின் முன்னுரையில், தான் நாளையைக் கணிக்கவில்லை, இன்றைத்தான் விவரிக்கிறேன் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். நானும் அந்தக் கட்சி.

ஆண்கள் எழுதி ஆண்கள் படிக்கிற வகையாகவே இது தெரிகிறது. பெண்கள் எழுதியதுண்டா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

மேரி ஷெல்லியை மேலே பார்த்தீர்கள். இன்னொருவர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார். வங்காளத்து ரொக்கேயா. அவருக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அண்ணன் இரவில் வீடு அடங்கிய பிறகு சொல்லிக்கொடுத்துத்தான் ஆங்கிலம் வந்தது. கணவர் துணை மாஜிஸ்திரேட். அவர் வெளியூர் போயிருந்தபோது பொழுது போவதற்காக 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். அது 1905-ல் அச்சானது எங்கே தெரியுமா? நம் சென்னையில். கமலா சத்தியநாதன் நடத்திய 'த இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்.

அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் ஆள்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்தே நேராகத் தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. எதிரிப் படை வந்தபோது அந்த வெப்பத்தையும் ஒளியையும் திருப்பிவிட்டே விரட்டுகிறார்கள். ஆபீஸ் வேலையை இரண்டு மணி நேரத்தில் எப்படி முடிக்கிறீர்கள் என்று கேட்டால், ஆண்கள் சுருட்டுப் பிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள் ஒருத்தி. பர்தாவுக்குள் இருந்த ஒருவர் எழுதியது இது. பிறகு ரொக்கேயா பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். இருபது பக்கம்கூட வராது, இன்று மதியமே படித்துவிடலாம். லெ குவினை அதற்கப்புறம் எடுங்கள்.

எனக்கு ஆசை இருக்கிறது, ஆனால் இரண்டு பக்கத்திலேயே தலை சுற்றி மூடிவிடுகிறேன். எப்படிப் படிப்பது?
– வங்கி ஊழியர், கும்பகோணம்

தமிழில் தொடங்குங்கள். சுஜாதாவின் சிறுகதைகள், அப்புறம் ஜெயமோகனின் 'விசும்பு'. சித்த மருத்துவத்திலிருந்துகூடக் கதைக் கருவை எடுக்கிறார், பழக்கமான தரையில் நடப்பது மாதிரி இருக்கும்.

தலை சுற்றுவதற்குக் காரணம் உண்டு. சாமுவேல் டிலேனி என்ற அமெரிக்க எழுத்தாளர் இதை நன்றாகக் கவனித்திருக்கிறார். நாம் உவமையாகப் படித்துப் பழகிய வாக்கியம் இந்தக் கதைகளில் நேர்ப்பொருளிலேயே வரலாம். 'வீடு அவளை அடையாளம் கண்டுகொண்டது' என்று ஒரு குடும்ப நாவலில் வந்தால், பிறந்த வீட்டுக்குத் திரும்பியவளின் மனநிலை என்று எடுத்துக்கொள்வோம். இங்கே வீடு நிஜமாகவே அவள் முகத்தைப் பார்த்துக் கதவைத் திறந்திருக்கலாம். எது என்று முடிவு செய்ய நாலு வரி பொறுக்க வேண்டும். புரியாத சொல் வந்தால் அகராதியைத் தேடாதீர்கள், அதில் இருக்காது. அதைத் துப்பு மாதிரி கையில் வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

பழகுவதற்கு நானே ஒரு வரி தருகிறேன்: 'ரேஷன் கடையில் இந்த மாத இருட்டை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தாள்.' அவசரப்படாமல் யோசியுங்கள். இருட்டு ஏன் கிடைக்கவில்லை? சூரியன் மறையாத ஊரா, விளக்கை அணைக்க விடாத அரசாங்கமா? அளவு லிட்டரா, மணிக்கணக்கா? கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பார்களா? கள்ள மார்க்கெட்டில் என்ன விலை? அவள் அதை யாருக்காக வாங்கிப் போகிறாள்?

இதற்கு அடுத்த வரியை நீங்கள் எழுதி எனக்கு அனுப்புங்கள். இருட்டை எதில் வைத்து எடுத்து வந்தாள் என்பது மட்டும் அதில் இருக்கட்டும்.